ஈப்போவிலிருந்து ஒரு ஸ்டார்ட்டர்

மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியதும் என் காதில் விழுந்த முதல் தமிழ் வார்த்தை “கழட்டுங்க” என்பதுதான். சட்டையை அல்ல. என் டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கும் ஒரு பைபிளுக்கும் நடுவில் கோணியில் சுற்றி வைத்திருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரை.

சுங்க அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். பினாங்குக் கப்பலில் எவனாவது இத்தனை கனமான இரும்பைச் சுமந்துகொண்டு வருவானா என்ற அவருடைய சந்தேகமும் நியாயமானதே. பக்கத்து மேஜைக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னார்: “போன மாதம் ஒருவன் தையல் மிஷினுக்குள் தங்கம் வைத்திருந்தான். இதில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.” எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டார் போலும்.

நல்லவேளையாக ஸ்பானர்களும் பெட்டியில் இருந்தன. இருபத்தொரு வருஷம் கழித்து சொந்த ஊருக்கு வந்தவன் செய்த முதல் காரியம், துறைமுகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்ததுதான். பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. இது கார்பன், இது சுருள், இது பினியன், இந்தச் சின்னப் பல்சக்கரம்தான் முன்னால் பாய்ந்து எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தைக் கடித்துச் சுற்றிவிடும் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விளக்கினேன். யாரும் கேட்கவில்லைதான்.

“யாருக்குக் கொண்டு போறீங்க?” என்றார் அதிகாரி.

“அக்காவுக்கு.”

“அக்காவுக்கா?”

“அக்கா கார் ஓட்டுவாங்க சார். தாம்பரத்துல.”

இதைக் கேட்டதும் சந்தேகம் கூடிவிட்டது. பைபிளையும் ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மலாயாவில், ஈப்போ ஊரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர். எலக்ட்ரிகல் பிரிவு. லில்லி அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கிழக்குத் தாம்பரத்தில் பெண்கள் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தப் பள்ளியின் வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை ஊருக்குத் திரும்பியபோது தன் காரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்தைந்து வயதில் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

என் மனைவி எஸ்தர் இறந்த பிறகு அக்கா மாதம் ஒரு கடிதம் எழுதினாள். நான் இரண்டு வரி பதில் போடுவேன்: நலம், உன் நலம் அறிய ஆவல். அதற்கு மேல் பேனா ஓடாது. அப்புறம் ஒரு கடிதத்தில், கார் ஸ்டார்ட் பண்ணும்போது கர்ரென்று அரைக்கிறது என்று எழுதியிருந்தாள். அன்று உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன், படம் போட்டு. பினியன் தேய்ந்திருக்கும், எண்ணெய் போடாதே, மண்ணெண்ணெயில் கழுவச் சொல். அடுத்த கடிதத்தில், கழுவியும் அரைக்கிறது என்றாள். நான் ஐந்து பக்கம் எழுதினேன். இப்படியே இரண்டு வருஷம். கடைசியில், நானே புது ஸ்டார்ட்டரோடு வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

ஸ்டார்ட்டர் ஒரு சாக்கு. நான் வந்தது அக்காவை ஈப்போவுக்குக் கூட்டிப் போக. மகன் சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வரும். மூன்று அறை வீட்டில் நானும் ரேடியோவும்தான். ஆனால் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா அங்கே தனியாக இருக்கிறாள், பாவம், என்றுதான் ஷெட்டில் சொல்லி லீவு வாங்கினேன். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன்.

பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினேன். கூட்டத்தில் பெட்டியை இறக்கி வைத்த இடத்தில் ஒருவருடைய கால் இருந்தது.

“யோவ்! பொட்டில இன்னாய்யா வெச்சிகினுகீற, கல்லா?”

“மன்னிச்சுக்குங்க. ஸ்டார்ட்டர் மோட்டார்.”

“எத ஸ்டார்ட் பண்ணப் போற?”

ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஈப்போ பஸ்ஸில் காலை மிதித்தால் மலாய்க்காரர் தாமாக நகர்ந்துகொள்வார், சீனர் முறைப்பார், அதோடு சரி. இங்கே மிதிபட்டவர் சைதாப்பேட்டை வரை என் மாமியார் ஊர், சம்பளம், மலாயாவில் அரிசி கிடைக்குமா எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் இறங்கினார்.

எதிரே ஒரு ஆங்கிலோ இந்தியத் தம்பதி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மனைவி கணவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: “ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், பையன் வீடு பார்த்துவிட்டானாம். ஒரு அறை நமக்காம்.” கணவர், “அங்கே போய் நான் யாரோடு பேசுவது?” என்றார். “என்னோடு.” “உன்னோடு இங்கேயே பேசிக்கொண்டிருக்கலாமே.” பரங்கிமலையில் இறங்கிப் போனார்கள், அந்த அம்மாள் முன்னால், அவர் பின்னால். எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சலாக வந்தது. கூப்பிட ஆள் இருந்தால் போக வேண்டியதுதானே என்று தோன்றியது.

தாம்பரத்தில் இறங்கியபோது எதையும் அடையாளம் தெரியவில்லை. அரசு ஆபீஸ் பலகையில் ‘தமிழ்நாடு’ என்று புதிதாக எழுதிய பெயிண்ட் பளபளத்தது. நான் கப்பலேறியபோது வயலாக இருந்த இடமெல்லாம் மனை போட்டுக் கல் நட்டிருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், “டீச்சரம்மா வூடா? கார் வெச்சிகினு கீறாங்களே, அவங்கதான?” என்று விலாசம் கேட்காமலேயே மிதித்தார்.

அக்கா கேட்டில் நின்றிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. நான் மனதில் வைத்திருந்த அக்காவைவிட ஒரு சாண் குள்ளம். “இளைச்சுட்டே ராஜு,” என்றாள். நான் ஞானராஜ். என்னை ராஜு என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

ரசம், வாழைக்காய் வறுவல், நெத்திலிக் கருவாடு. கப்பலில் ஆறு நாள் குமட்டிய வயிறு இதற்காகத்தான் காத்திருந்தது போலும். ஈப்போவில் இரவுச் சாப்பாடு ஒரு சீனர் கடையில் குவே தியாவ், நம் அரிசிச் சேவை மாதிரி ஒன்று. நான் போய் நின்றதும் அவர் சட்டியைக் கிளறியபடியே ஒரு விரலைக் காட்டுவார், ஒன்றுதானே என்று. நானும் ஒரு விரலைக் காட்டுவேன். அன்று அக்கா எதிரே உட்கார்ந்து, போதும் போதும் என்றாலும் கேட்காமல் சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். கருவாட்டு முள் சிக்கிவிட்டது என்று பொய் சொல்லி, தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தேன்.

சாப்பிட்டதும் காரைப் பார்க்கப் போனோம். நாற்பத்தெட்டாம் வருஷத்து இங்கிலீஷ் கார், கறுப்பு. கம்பெனிப் பெயர் வேண்டாம். வயதானால் யாருக்கும் வருவதுதான் அதற்கும் வந்திருந்தது. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். கர்ர்ர். இரண்டு வருஷமாகக் கடிதத்தில் படித்த சத்தம். காபிக்கொட்டை அரைக்கும் மிஷினில் கல் விழுந்த மாதிரி என்று அக்கா எழுதியிருந்தாள். அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலை பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். நட்டு இறுகியிருந்ததால் இழுத்ததில் முழங்கைத் தோல் போனது, கியரில் நின்ற வண்டியும் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைந்தது. குமிழை இழுத்தேன். ஒரே இழுப்பு. எஞ்சின் எடுத்துவிட்டது.

“எப்படி!” என்று அக்காவைப் பார்த்தேன்.

அக்கா குனிந்து தரையில் கிடந்த பழைய ஸ்டார்ட்டரைப் பார்த்தாள். “அப்போ சரியாப் போச்சா?” என்றாள். பிறகுதான் சிரித்தாள். பாராட்டு இன்னும் கொஞ்சம் பலமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை.

அதைக் கொண்டாட அடுத்த நாள் கேளம்பாக்கம் போனோம், உப்பங்கழியில் பிடித்த மடவை மீன் வாங்க. அக்கா ஓட்டினாள். ஸ்டியரிங்கை வகுப்பில் பிரம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, மாட்டு வண்டிக்காரர்களை “ஓரமாப் போங்கப்பா” என்று அதட்டிக்கொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பி வரும்போது கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், வீட்டை வாடகைக்கு விடலாம், ஈப்போவிலும் தமிழில் ஆராதனை நடக்கும் நல்ல கோயில் இருக்கிறது.

மீன் வாங்கி, வாழை இலையில் சுற்றி, பின் சீட்டில் வைத்து, குமிழை இழுத்தால், கர்ர்ர்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. புத்தம் புது ஸ்டார்ட்டர்! கடல் தாண்டிச் சுமந்து வந்தது! உப்பளத்து வெயிலில், வெள்ளை வெளேரென்று கண் கூசும் நிலத்தின் ஓரத்தில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஒரு மணி நேரம் போராடியும் ஒன்றும் பிடிபடவில்லை. மீன் வாசனை மாற ஆரம்பித்தது. உப்பள வேலைக்காரர்கள் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

அக்கா சீட்டில் இருந்தபடியே சொன்னாள்: “தம்பிங்களா, டாப் கியர்ல போட்டிருக்கேன். ஒரே ஒரு அடி தள்ளுங்க. போதும்.”

“ஒரு அடி தள்ளினா எப்படிக்கா ஸ்டார்ட் ஆகும்? நியூட்ரல்ல போட்டு ஓட ஓடத் தள்ளி, அப்புறம் கியர் போட்டுக் கிளட்சை விடணும்,” என்றேன், வண்டிக்கு அடியிலிருந்து.

“நீ வெளிய வா மொதல்ல.”

அவர்கள் மூச்சைப் பிடித்து ஒரு அடி தள்ளினார்கள். அக்கா கியரை எடுத்துவிட்டுக் குமிழை இழுத்தாள். எஞ்சின் எடுத்துக்கொண்டது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஃபிட்டரின் மூளை கோபத்தில் இருந்தது. வீடு வரை கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தோம். கேட்க நினைத்ததைக் கேட்கும் நேரமாக அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், காரைச் சுற்றி ஏற்கெனவே நாலு பேர். இடது பக்கப் பின் மட்கார்டில் டிராயிங் மாஸ்டர். வலது பக்கத்தில் தபால் ஆபீஸ் கிளார்க். நடுவில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை. அவருக்குப் பக்கத்தில், நெற்றி நிறைய விபூதியோடு, வாசலில் வேர்க்கடலை விற்கிறவர். அவரவர் இடம் அவரவருக்கு. ஒவ்வொரு வாரமும் இப்படித்தானாம்.

“டீச்சரம்மா, ரெடியா?” என்றார் கோயில்பிள்ளை.

“இருங்க. உங்க மருமகளுக்கு இப்ப எப்படி இருக்கு?”

அவ்வளவுதான். கையைக் காரில் வைத்தபடியே மருமகளின் இடுப்பு வலி, கிளார்க் மகனின் வேலை, டிராயிங் மாஸ்டர் மகளுக்கு வந்திருக்கும் நாசரேத் வரன் எல்லாம் அலசப்பட்டது. கடலைக்காரர் தன் பையனைப் பள்ளியில் சேர்க்க ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டார். அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி எல்லாருக்கும் பதில் சொன்னாள். அரை மணி நேரம். தள்ளியது ஒரு அடி.

எனக்கு அவமானமாக இருந்தது. என் அக்கா ஒவ்வொரு வாரமும் இப்படி நாலு பேர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டுமா? “இனி உங்களுக்கு இந்தத் தொந்தரவு இருக்காது. ரெண்டு நாள்ல சரி பண்ணிடுறேன்,” என்றேன்.

டிராயிங் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே, “அவசரம் ஒண்ணும் இல்ல சார்,” என்றார்.

திங்கட்கிழமை ரோஷத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். சாவியைக் கொடுக்கும்போது அக்கா, “குரோம்பேட்டையில ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு, அங்க காட்டு. பல்லாவரத்துல தணிகாசலம்னு ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட வேண்டாம். ரொம்பப் பேசுவான்,” என்றாள்.

குரோம்பேட்டை ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம் என்று போனேன். பல்லாவரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். கேட் திறந்ததும் இழுத்தேன். கர்ர்ர். பின்னால் லாரிக்காரர்கள் என் பரம்பரையையே இழுத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

எதிரே ஒரு தகரக் கொட்டகையிலிருந்து காக்கி டிராயர் போட்ட ஒருவர் ஓடி வந்தார். “டீச்சரம்மா வண்டியாச்சே இது! அம்மா எங்க சார்?” இரண்டு பேரைக் கூப்பிட்டார். நான் ஒன்றும் சொல்வதற்குள் உள்ளே கையை விட்டு டாப் கியரைப் போட்டார். ஒரு அடி தள்ளினார்கள். “இப்ப இஸ்து பாருங்க.” எஞ்சின் எடுத்தது.

கொட்டகைக்குள் வண்டியைக் கொண்டு போனோம். அவர்தான் தணிகாசலம். என் ஸ்டார்ட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தார், மரியாதையாகவே. அது இருந்த ஓட்டைக்குள் ஒயர் கட்டிய பல்பை இறக்கிவிட்டு, முன்னால் போய், கொட்டகையில் கிடந்த ஹேண்டிலைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினார். “உள்ள பாத்துகினே இருங்க சார்.”

பார்த்தேன். எஞ்சினின் பெரிய பல்சக்கரம் என் கண் முன்னால் நகர்ந்தது. ரம்பம் போலக் கூரான பற்கள் வரிசையாக வந்தன. திடீரென்று ஒரு இடத்தில் ஏழெட்டுப் பல் மழுங்கிக் கிடந்தது. மறுபடி நல்ல பற்கள். அரைச் சுற்று போனதும் மறுபடி அதே பொக்கை.

“நாலு சிலிண்டர் வண்டி சார். நிறுத்தினா முக்காவாசி அந்த ரெண்டு எடத்துலதான் வந்து நிக்கும். அப்ப ஸ்டார்ட்டர் தெனம் கடிக்கிறது அதே பல்லத்தான். தேயாம இன்னா பண்ணும்? ஒரு அடி தள்ளினா நல்ல பல்லு முன்னால வந்துடும், புடிச்சிக்கும். நீங்க எத்தினி ஸ்டார்ட்டர் மாத்தினாலும் பேஜார்தான்.”

அன்று வீட்டில் ஒரே இழுப்பில் எடுத்தது, நட்டை இழுத்ததில் வண்டி அசைந்ததால்தான். பஸ் ஷெட்டில் எத்தனையோ வருஷம். ஆனால் எங்கள் ஷெட்டில் ஸ்டார்ட்டர் என் மேஜைக்குத் தனியாகக் கழன்று வரும், நான் சரி செய்து அனுப்புவேன். பல்சக்கரம் வேறு பிரிவு, வேறு ஆள். மோட்டார் என்ன கடிக்கிறது என்று நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதாமல், கடல் தாண்டி ஐந்து ஐந்து பக்கம் வைத்தியம் சொல்லியிருக்கிறேன். காது சுட்டது.

“நீங்க அம்மாவுக்கு இன்னா வேணும்?” என்றார் தணிகாசலம்.

“தம்பி. மலாயாவுல இருந்து வந்திருக்கேன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “லெட்டர் தம்பியா! அட, உக்காருங்க சார்!” என்று ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். “உங்க லெட்டர் வந்தா அம்மா இங்க எட்தாந்துடுவாங்க. படம்லாம் போட்டுக்கீறீங்களே, பினியன் படம், நான் பாத்துகீறேன். ஷோக்கா வரைவீங்க. படிச்சிக் காட்டிகினே சிரிப்பாங்க. நான் சொல்வேன், அம்மா, தம்பி சொல்றது ராங்கு, பல்லு தேஞ்சிகீது, ரெண்டு நாள் வண்டிய வுடு, திருப்பிப் போட்டுத் தந்துடறேன்னு. ரெண்டு வருசமா சொல்லிகினுகீறேன் சார்.”

“அக்கா என்ன சொல்வாங்க?”

“ராங்கா இருந்தா இருக்கட்டும் தணிகாசலம், அவன் எழ்தட்டும்னுவாங்க. சம்சாரம் போனப்பறம் ரெண்டு வரிக்கு மேல எழ்த மாட்டேன்னான், இந்த சனியன் புடிச்ச வண்டியாலதான் பக்கம் பக்கமா எழ்தறான். நீ கைய வெச்சிடாதேன்னுவாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து, கொட்டகைக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கிய இடத்தில் போய் நின்று அழுதேன். எஸ்தர் இறந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. அவளைப் பற்றி அக்கா கேட்டபோதெல்லாம் பதில் எழுதத் தெரியாமல், பினியனைப் பற்றி எழுதியவன் நான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் திரும்பினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“பேசிட்டானா?”

“பேசிட்டான்.”

“சாப்பிட வா,” என்றாள். அன்று எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு.

அடுத்த இரண்டு நாளும் நான் கொட்டகையில் தணிகாசலத்துக்குக் கையாளாக இருந்தேன். கியர் பெட்டியை இறக்கி, பெரிய பல்சக்கரத்தின் வளையத்தைக் கரி அடுப்பில் சூடேற்றித் தட்டிக் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி மறுபடி சூட்டோடு மாட்டினார். இனி எஞ்சின் நிற்கிற இடத்தில் தேயாத பற்கள் இருக்கும். புதுச் சாமான் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த இரண்டு நாள் எனக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர் சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளுவார். கேட்கவெல்லாம் மாட்டார்.

வியாழக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்க்கப் பள்ளிக்கரணைப் பக்கம் போனோம். சாலையின் இரண்டு பக்கமும் சதுப்புநிலத் தண்ணீர், கோரை, பெயர் தெரியாத பறவைகள். அக்கா ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். நான் கேட்டேன்.

“அக்கா, என்கூட ஈப்போவுக்கு வந்துடு.”

“எதுக்கு?”

“நீ இங்க தனியா கிடக்குறே. நாளைக்கு ஒண்ணுன்னா யார் இருக்கா?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பரீட்சையில் தப்பாக எழுதின பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

“ஞாயித்துக்கிழமை நீயே பார்த்தியே. எனக்கு வண்டி தள்ள நாலு பேர் இருக்காங்க, ராஜு. உனக்கு அங்க யார் இருக்கா?”

“நிறையப் பேர் இருக்காங்க,” என்றேன். “ஷெட்ல எல்லாரும் இருக்காங்க. முத்தையா இருக்கான், ஸ்டோர் கீப்பர் அகமது இருக்காரு. அப்புறம்…” மூன்றாவது பெயருக்கு நான் யோசிக்க வேண்டியிருந்தது.

அவள் காத்திருந்தாள். நான் இன்னும் யோசிப்பதைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுக் குமிழை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே எடுத்துக்கொண்டது. கர் சத்தம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாலு பேரும் வழக்கம் போல வந்து கை வைத்தார்கள். அக்கா இழுத்தாள், உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. நாலு பேரும் நீட்டிய கையோடு நின்றார்கள். கோயில்பிள்ளை, “சரி, அப்ப…” என்று இழுத்தார். அக்கா எஞ்சினை அணைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். “உங்க மகளுக்கு நாசரேத்துல இருந்து பதில் வந்துச்சா மாஸ்டர்?” என்றாள். அரை மணி நேரம் வெயிலில் நின்று பேசினார்கள். நான் காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வா என்று அக்கா கையைக் காட்டினாள். இதோ என்றேன், ஆனால் இறங்கவில்லை.

மறுநாள் கப்பல். துறைமுகம் வரை அக்காதான் காரில் கொண்டுவந்து விட்டாள். வழியில் புளிசாதப் பொட்டலத்தைப் பற்றி மட்டும் பேசினோம், ஊசிப் போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று. என் பெட்டி கனமே இல்லாமல் இருந்தது. சுங்கத்தில் யாரும் அதைத் திறக்கச் சொல்லவில்லை.

ஈப்போ வந்து சேர்ந்த அன்று இரவு சீனர் கடைக்குப் போனேன். அவர் ஒரு விரலைக் காட்டினார். எத்தனை நாள் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நீலக் கடிதத் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று எழுதினேன். நன்றாகத்தான் ஓடும், அது எனக்கே தெரியும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். நலம், நலம் அறிய ஆவல் என்றும் எழுதக் கை வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து இப்படி ஆரம்பித்தேன்:

“அக்கா, பள்ளிக்கரணையில் நான் சொன்னது பொய். எனக்கு இங்கே யாரும் இல்லை.”